ஒருவழிப் பாதையின் சட்டம்

கருவாயன் செவலையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது டீக்கடை வாசலில்தான். கருவாயன், வீட்டுச் சாமான் ஏற்றிய லாரியில் அன்று காலை நகரத்துக்கு வந்து இறங்கிய நாய். செவலை அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தது. புதிதாக எந்த நாய் அங்கே தங்குவதென்றாலும் அது சம்மதிக்க வேண்டும்.

எதிர்ப்புறம் கறிக்கடை. அங்கே போகக் கிளம்பிய கருவாயன், நின்று இரண்டு பக்கமும் பார்த்தது.

"எதுக்குடா கழுத்தை இப்படித் திருப்புற? பட்டிக்காட்டான்னு எல்லாருக்கும் தெரியணுமா?" என்று செவலை சிரித்தது. "இது ஒருவழிப் பாதை. வண்டி இடப்பக்கமிருந்துதான் வரும். அங்கே மட்டும் பார்த்தா போதும். அதுதான் இங்கே சட்டம்."

"நல்லா இருக்கே! யாருண்ணே போட்டது?"

"போலீஸ்காரங்க."

"வண்டிக்காரங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாதவன் நீ ஒருத்தன்தான். இனிமே ரெண்டு பக்கமும் பார்த்தே, இந்தத் தெருவுல உனக்கு இடம் கிடையாது. நான் போறதைப் பாரு. அதே மாதிரி பின்னால வா."

செவலை இடப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தித் தெருவில் இறங்கியது. சுற்றிப் போகச் சோம்பல்பட்ட ஒரு தண்ணீர் லாரி வலப்பக்கமிருந்து வேகமாக வந்தது. கருவாயன் அலறிக் குரைத்தது. பட்டிக்காட்டான் எதற்கோ பயப்படுகிறான் என்று நினைத்த செவலை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கருவாயன் அங்கேயே தங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை.

அந்தத் தெரு இன்றும் ஒருவழிப் பாதைதான்.