பாறையடியில் ஓர் ஊதாப் பூ

பனி குறையத் தொடங்கியதும் முயல் அப்பாவும் அம்மாவும் மகளும் அந்த ஆண்டின் முதல் காட்டுப்பூவைத் தேடிக் கிளம்பினார்கள். வெகுநேரம் எதுவும் அகப்படவில்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது, ஒரு பாறையடியில் மகள் ஊதாப் பூவைக் கண்டாள்.

"அப்பா, இந்தத் தடவை நாமதான் முதல்ல!" என்று கத்தினாள்.

"மெதுவாப் பேசு, கண்ணு," என்றது பூ. "போன வருஷம் எங்கக்கா பூத்ததும் காடே திரண்டு பார்க்க வந்துச்சு. பாவம், மிதிபட்டே போயிட்டா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

மூவரும் தலையசைத்தார்கள்.

வழியில் அணில் எதிர்ப்பட்டது. "ஓடையோரம் ஒரு மஞ்சள் பூ பார்த்துட்டேன்! உங்களுக்கு ஏதாவது கிடைச்சுதா?"

முயல் அப்பாவுக்கு மீசை துடித்தது. ஒவ்வோர் ஆண்டும் அவர் இந்த அணிலிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"இல்லப்பா, ஒண்ணும் கிடைக்கல," என்றார்.

"அவ்வளவு பெரிய கண்ணை வச்சுக்கிட்டா?" என்று சிரித்தது அணில். பிறகு மனசு கேட்காமல், "சரி வாங்க, என்னோடதைக் காட்டுறேன்," என்றது.

ஓடையோரம் மஞ்சள் பூவின் முன்னால் அப்பா குனிந்து, "ரொம்ப அழகா இருக்கு," என்றார். மகள் வந்து அவர் காதோடு காது உரசி நின்றுகொண்டாள்.