செண்பக விலாஸ் காவல்

செண்பக விலாஸ் வீட்டு நாய்க்குத் தன் காவல்மேல் அபாரப் பெருமை. கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூடத் தெருமுனைவரை விரட்டிவிட்டுத்தான் கேட் தூணடியில் வந்து படுக்கும்.

"நான் இருக்கிறவரைக்கும் ஒரு பய உள்ளே நுழைய முடியாது" என்றது, ஜன்னலோரம் இருந்த வைஃபை பெட்டியிடம்.

"எதிர்ல பைக்ல சாஞ்சுக்கிட்டு போன் பார்க்கிறானே, அவன் காலையிலேயே உள்ளே வந்தாச்சு" என்றது பெட்டி. "ஹால் கேமரா வழியா வீட்டையே சுத்திப் பார்த்துட்டான்."

"கேட்டையே தாண்டலையே! யாரு விட்டது?"

"நான்தான். பாஸ்வேர்டைச் சரியாப் போட்டான், விட்டேன்."

"அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"உன் தலைக்கு மேலே பாரு. முதலாளி வீட்டுப் பேரைத்தான் பாஸ்வேர்டா வச்சிருக்கார். அதைச் சலவைக்கல்லுல பொறிச்சு, காவலுக்கு உன்னையும் போட்டிருக்கார்."

மறுநாள், ஹாலில் குடும்பம் உட்கார்ந்திருக்கும் படங்கள் மிரட்டலோடு முதலாளியின் போனுக்கே வந்தன. அவர் ஆடிப்போனார். முதல் வேலையாக நாயை நாலு உதை உதைத்தார். பிறகு, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கேட் தூணில் பெரிய விளக்கு ஒன்றைப் போட்டார்.

இப்போதெல்லாம் செண்பக விலாஸ் என்ற பெயர் ராத்திரியிலும் தெருமுனைவரை பளிச்சென்று தெரிகிறது.