நூற்று நாற்பது

குளிர்ந்த பசை வயிற்றில் பட்டதும் தயானி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எட்டு மாதம். நேற்றுக் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

அசைவை எண்ணிக் குறிக்கக் கொடுத்த அட்டையில் முந்தாநாள்வரை பத்துப் பத்தாகக் கோடுகள் இருந்தன. நேற்றைய கட்டம் காலி. இன்றைய கட்டமும் அப்படியே கிடந்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மாமியார் சிரித்தாள். தலைச்சன் பிள்ளைக்காரி, எலி ஓடினாலும் பயப்படத்தான் செய்வாள் என்றார்கள் பக்கத்துக் காம்பராக்காரர்கள். கொழும்பில் கடையில் நிற்கும் புருஷன் துஷாந்த், கிளினிக்கில் மெஷின் வைத்துப் பார்க்கச் சொல், அதற்கு உன்னைப் போலப் பயமெல்லாம் கிடையாது என்று போனில் சொன்னான்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் கிளினிக். தட்டிக்கு அந்தப்பக்கம் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன.

மருத்துவமாது ஷம்ரா நல்லவள். பஸ் இல்லாத நாளிலும் லுணுகலையிலிருந்து நடந்தே ஏறி வருகிறவள். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று பொறுமையாகவே கேட்டாள்.

தயானிக்குச் சொல்லத் தெரியவில்லை. புரண்டு படுத்தால் வயிறும் கூடவே சரிகிறது, ஈரக் கொழுந்துச் சாக்கு மாதிரி, என்றாள்.

ஷம்ரா அதை எழுதிக்கொள்ளவில்லை. அதை எழுத அட்டையில் கட்டம் இல்லை.

பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும், கைக்கு அடக்கமான பெட்டி முதலில் வெறுமனே இரைந்தது. ஷம்ரா அதன் குமிழை அடிவயிற்றில் இங்கும் அங்கும் நகர்த்தினாள். தயானி தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

திடீரென்று சத்தம் வந்தது. டுக்கு டுக்கு டுக்கு என்று, ஓட்டமும் நடையுமாக.

"பாருங்க தங்கச்சி, நூத்தி நாப்பது. புள்ள நல்லா இரிக்கி. ஒண்டுக்கும் பயப்பட வேணாம்."

நூற்றுப் பத்துக்குக் கீழே போனால்தான் கவலை என்றும் சொன்னாள்.

தயானிக்கு அழுகை வந்தது. தன் பைத்தியக்காரத்தனத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இரண்டு நாளாக அடைத்துக் கிடந்த மூச்சு மெல்ல இறங்கியது. கைகால் தளர்ந்தது.

பெட்டியின் சத்தமும் தளர்ந்தது.

நூற்று இருபத்தெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூற்றாறு.

ஷம்ராவின் சிரிப்பு நின்றது. குமிழை அழுத்திப் பிடித்தாள். தட்டிக்கு அந்தப்பக்கம் பார்த்துச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டினாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் தயானிக்கு நெஞ்சு எகிறி அடித்தது.

எண்ணும் எகிறியது. நூற்றுப் பதினைந்து. நூற்று முப்பது. நூற்று நாற்பது.

திரும்பி வந்துவிட்டது, பிள்ளை கொஞ்சம் அசந்திருக்கும் என்று ஷம்ரா பெருமூச்சு விட்டாள். குமிழை எடுக்காமலே மறுகையால் அட்டையை இழுத்து எழுதப்போனாள்.

தயானி அசையாமல் கிடந்தாள். காதுக்குள் அடித்ததும் பெட்டிக்குள் அடித்ததும் ஒன்றாகவே அடித்தன. ஒன்று முந்தவில்லை, மற்றது பிந்தவில்லை.

ஷம்ராவின் பேனா பிடித்த கையை எட்டிப் பிடித்தாள். அந்த விரல்களைத் தன் கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

"மிஸ், அது என்னோட நெஞ்சு."