சொத்தை டிராகன்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு வேடிக்கை சொல்றேன்.

முடிவெட்டும் கடைக்காரருக்கு வீடியோ கேம் என்றால் உயிர். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"கோடி கோடியாக் கொட்டி கேம் எடுக்கிறானுங்க. காட்சியெல்லாம் கண்ணைப் பறிக்குது. கடைசியில வர்ற டிராகன் மட்டும் சொத்தை! தும்மினா விழுந்துடுது."

நாற்காலியில் இருந்த டாக்சிக்காரர் துள்ளித் திரும்பினார். "அதுவா? ஒரு மாசமா என்னைப் பொசுக்கித் தள்ளுதுண்ணே!"

"உனக்கு விரல்ல வேகம் பத்தாது தம்பி."

"அப்ப என் வீட்டுக்கு வந்து ஆடுங்க. தோத்தா மீசையை எடுத்துடணும்."

"தோத்தா உன் கையாலயே எடு!"

அன்று மாலையே கடைக்காரர், டாக்சிக்காரர் வீட்டு சோபாவில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். டிராகன் ஒரு மூச்சு விட்டது. ஆள் சாம்பல்.

மீசையில்லாமல் வீடு திரும்பியவரைப் பார்த்த மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல அந்த டிராகன் ஒரே அடியில செத்துச்சேடி!"

"சாகாம? தோத்தா ரெண்டு நாளைக்குச் சாப்பிடாம முறைச்சுக்கிட்டுத் திரியுறீங்க. அதான் நீங்க வாங்குற ஒவ்வொரு கேமையும், 'சின்னப் பிள்ளைகளுக்கு'ன்னு செட்டிங்ஸ்ல மாத்தி வெச்சுடுறேன்."

உங்க வீட்டுலயும் ஜெயிக்க ஒருத்தரும், ஜெயிக்க விட ஒருத்தரும் இருந்து, சிரிப்பு குறையாம நல்லா இருங்க கண்ணுகளா!