குதிகால் எட்டாத வண்டி

“ரெண்டு காலையும் தரையில ஊணு பாப்போம்!”

அப்பாக்காரர் போட்ட அதட்டலில், கறுப்பு வண்டிமேல் உட்கார்ந்திருந்த பையன் நடுங்கிப்போய்க் காலை ஊன்றினான். விரல்கள்தான் தரையைத் தொட்டன. குதிகால் எட்டவில்லை.

“பாத்தியா? சிக்னல்ல நிறுத்தினா அப்படியே சாஞ்சுடுவ. இறங்கு, இறங்கு.”

விற்பனைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக் கடைசி நாள், மணி ஐந்தரை. ஷோரூம் மூடுவதற்குள் இன்னும் ஒரு வண்டி விற்காவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் காலையிலேயே முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தார்.

மத்தியானத்திலிருந்து ஈ காக்கை இல்லை. காலையில் போனில் விசாரித்த பையனாவது கடைசியில் வந்தானே என்று அவள் ஓடிப்போய் விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு வருவதற்குள், சோபாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த மனிதர் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டிருந்தார்.

“அது கொஞ்சம் உயரம்தான் சார்,” என்றாள் அவள், வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. “இந்த நீலத்தைப் பாருங்க. சீட் தாழ்வு, கனமும் கம்மி. புதுசா ஓட்டுறவங்களுக்குக் கச்சிதமா இருக்கும்.”

“இதையே இன்னைக்கு எத்தனை பேருகிட்ட சொன்னீங்க? பின்னாடி பிரேக்கைப் பாருங்க. மழையில பிடிச்சா வழுக்கிட்டுப் போய் லாரிக்கு அடியிலதான் நிப்பான்.”

பையன் நீல வண்டியின் ஹேண்டில்பாரிலிருந்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

“சரி, இன்ஷூரன்ஸ் என்ன போட்டிருக்கீங்க? காட்டுங்க.” தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “வெறும் தேர்ட் பார்ட்டியா? இவனே கொண்டுபோய் சுவத்துல மோதினா வண்டிக்கு யாரு குடுப்பா, நீங்களா?”

“ஃபுல் கவரும் இருக்கு சார். தொகை கொஞ்சம் கூடும். வண்டிக்குத் தகுந்த மாதிரி...”

“ஆளுக்குத் தகுந்த மாதிரின்னு சொல்லுங்க.” அவர் பையன் பக்கம் திரும்பினார். “லைசென்ஸ் வாங்கி எத்தனை நாளாச்சு? சொல்லு, அவங்களும் கேக்கட்டும்.”

பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “பதினோரு நாள் சார்.”

“ராத்திரி வண்டியை எங்க நிறுத்துவ?”

“தெருவுலதான். வீட்டுல இடம் இல்ல.”

“பூட்டு?”

“இனிமேதான் வாங்கணும்.”

“கேட்டுக்கிட்டீங்களா? பதினோரு நாள் லைசென்ஸ். தெருவுல வண்டி. பூட்டும் கிடையாது. இவனுக்கு யாரு ஃபுல் கவர் குடுப்பா? நானா இருந்தா குடுக்க மாட்டேன்.”

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையின் மானத்தை நடுக்கடையில் வைத்து இப்படியா வாங்குவது? வீட்டில் எந்த அளவுக்கு மிரட்டி வைத்திருந்தால் அவன் அப்பாவையே சார் என்று கூப்பிட்டு இப்படிக் கைகட்டி நிற்பான்! கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒரு சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பையன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு குதிகாலும் தரையில் நன்றாகப் பதிந்தன. அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

“இது பிடிச்சிருக்குக்கா,” என்றான் மெதுவாக. “நாளன்னைக்கு வேலையில சேரணும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இதையே எனக்கு...”

“பிடிச்சிருந்தா போதுமா?” சோபாவிலிருந்து குரல் வந்தது. “உக்காரும்போதே இவ்வளவு இளிப்புன்னா, ரோட்டுல இறங்கினா கேக்கவே வேணாம். ஒரே மாசம். காலை உடைச்சுக்கிட்டுப் படுப்பான், எழுதி வச்சுக்குங்க.”

பையன் இறங்கிவிட்டான். சட்டைப் பையிலிருந்து பாதி நிரப்பிய இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தை எடுத்து, நான்காக மடித்து மேசைமேல் வைத்தான்.

“வேணாம்க்கா. அவரே முடியாதுன்னுட்டாரு. அப்புறம் என்ன இருக்கு?”

வாசலைப் பார்த்து நடந்தான். நடந்துபோவது அவளுடைய வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

“நீங்கல்லாம் ஒரு அப்பாவா சார்?” என்று வெடித்தாள். “பெத்த புள்ளை ஆசைப்பட்டா கூட நின்னு வாங்கிக் குடுக்கணும், இல்லாட்டி வாயை மூடிக்கிட்டாவது இருக்கணும். வந்ததுலேர்ந்து வண்டியையும் கரிச்சுக் கொட்டுறீங்க, பையனையும் கரிச்சுக் கொட்டுறீங்க. கடைசியில என் பொழப்புலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க!”

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே ஓடிவந்தார். வாசல்வரை போன பையன் வாயைப் பிளந்தபடி திரும்பி நின்றான்.

“அப்பாவா? எங்கப்பா ஊருலதானே இருக்காரு! இன்ஷூரன்ஸ்காரர் வந்து கேள்வி கேப்பாருன்னு போன்ல நீங்கதானேக்கா சொன்னீங்க? இவர் அவர் இல்லையா?”

“இன்ஷூரன்ஸ்காரர் இன்னும் வரவே இல்லையே!” என்றார் மேனேஜர்.

மூன்று பேரும் சோபாவைப் பார்த்தார்கள்.

“அப்ப நீங்க யாரு?” என்றாள் அவள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நானா? ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டிருக்கேன், ஆச்சான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”