கிரீடத்துக்கு எடுத்த அளவு

எங்கள் பள்ளி ஜெபக்குழுவான மரியாயின் சேனைக்கு நான்தான் தலைவி ஆகியிருக்க வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட நான் மட்டம் போட்டதில்லை. நேற்று சேர்ந்த சகாயசெல்வி நன்றாகப் பாடுகிறாளாம், சிஸ்டர் பெர்னதெத் அவளைத் தலைவியாக்கிவிட்டார். திருநாளில் மாதா சுரூபத்துக்கு முடிசூட்டுவதும் அவள்தான். "நீ பொறுமைசாலி, கிரீடத்தை நீ செய்" என்றார் என்னிடம். கம்பியை வளைத்துத் தங்கக் காகிதம் சுற்றினேன். தினமும் பள்ளி விட்டதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் என் தலையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. மாதாவுக்கு வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. திருநாளன்று சகாயசெல்வி ஸ்டூலில் ஏறிக் கிரீடத்தை வைத்தாள். அது மாதாவின் சின்ன முகத்தைத் தாண்டி வழுக்கி, தோளில் மாலை மாதிரி தொங்கியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "எந்தத் தலைக்கு அளவெடுத்தே?" என்று சிஸ்டர் பல்லைக் கடித்தார். சகாயசெல்வி கிரீடத்தைக் கழற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "குனிடி" என்றாள். அத்தனை பேர் பார்க்க, என் தலை தானாகக் குனிந்தது.