பெயருக்குச் சொந்தக்காரர்

"போர்டை எப்ப கழட்டப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே நோட்டீசை நீட்டினார் சாஃப்ட்வேர் கம்பெனி வக்கீல்.

போர்ட்லண்ட் நகரத்து மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தப் பலகையை மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை: 'ரோவினா கம்ப்யூட்டர் ரிப்பேர்'.

"கடைக்கு வைக்க வேற பேரே கிடைக்கலையா மேடம்?"

"அது என் பேருங்க. பிறந்தப்பவே வெச்சுட்டாங்க, நான் என்ன பண்ண?" என்றாள் ரோவினா.

"இருக்கட்டும். அது எங்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட பேரு. பாதி உலகம் அதுலதான் ஓடுது."

"அதுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சாம்?"

வக்கீலின் முகம் மலர்ந்தது. "எங்க முதலாளி அதை எழுதிக்கிட்டிருந்தப்பதான் அவருக்கு மக பிறந்தா. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கக்கூட நேரமில்ல. அந்தப் பாசத்துல குழந்தை பேரையே வெச்சுட்டார். மேடையில இதைச் சொல்றப்பல்லாம் அழுதுடுவார்."

"இந்த நோட்டீஸ் அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? உங்க பேரு, விலாசம் எல்லாம் படிச்சுப் பார்த்துட்டு அவரே கையெழுத்துப் போட்டார்."

ரோவினா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய ஒரு ரிப்போர்ட் கார்டில்கூட விழாத அப்பாவின் கையெழுத்து, முதல்முறையாக அவள் பெயருக்குக் கீழே விழுந்திருந்தது.